நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு

ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து ஜூன் முதல் வாரம் வரை காட்டாங்குளத்தூரில் நிறையப் பொருள்கள் இலவசமாகக் கிடைக்கும். ஃபைனல் இயர் மாணவர்கள் வீட்டைக் காலி செய்யும் பருவம் அது. அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் படங்கள் வரும். மெத்தை, இண்டக்‌ஷன் அடுப்பு, கால் ஆடும் ஸ்டடி டேபிள், ஒரு வருஷமாகக் காற்றடிக்காத சைக்கிள். எதையும் ரயிலில் ஏற்ற முடியாது, ஏற்றவும் மனசிருக்காது. பொத்தேரியிலிருந்து கூடுவாஞ்சேரி வரை இருக்கும் பழைய பொருள் கடைக்காரர்களுக்கு இதுதான் தீபாவளி.

அந்தப் படங்களுக்கு நடுவில் எப்படியும் ஒரு மீன் தொட்டி இருக்கும். ‘டேங்க் வித் ஃபிஷ், ஃப்ரீ’ என்று போட்டிருப்பார்கள். மெத்தைக்கு அரை மணி நேரத்தில் ஆள் வந்துவிடும். தொட்டிக்கும் வரும், ஆனால் காலித் தொட்டிதான் வேண்டும் என்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட ஏதோ ஒன்றாக இருக்கும். ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன், ‘ஷார்க்’ என்ற பெயரில் விற்கிற கெளுத்தி. நாலு வருஷப் படிப்பில் இரண்டாவது வருஷம் வாங்கின மீன், படிப்பு முடியும்போது அதன் ஆயுளில் பாதியைக்கூடத் தாண்டியிருக்காது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆஸ்கார் பத்து வருஷத்துக்கு மேல் வாழும்.

பெரிய மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்ற கேள்வியை லிட்டரிலும் அடியிலும் பேசுவதுதான் வழக்கம். நானும் பேசப்போகிறேன். ஆனால் இந்த ஊரில் சில வருஷம் இருந்த பிறகு, அந்தக் கணக்கில் நாலாவதாக ஒரு பரிமாணம் இருக்கிறது என்று தோன்றுகிறது. நீளம், அகலம், உயரம், அப்புறம் வருஷம்.

*

சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். ரெட்டேரியைச் சுற்றி வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டிகளில் மீன் வளர்த்தவர்களின் ஊர் அது. இங்கே தாம்பரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரிக் கடைகளில் பிளாஸ்டிக் பையில் தொங்கும் மீன்களில் பலவும் அந்த வழியாக வருபவைதான். கடையில் பார்க்கும் மீன் எல்லாமே குஞ்சு. இரண்டு இஞ்ச், மூணு இஞ்ச். நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் ‘வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?’ என்று கேட்பார்கள். மீனுக்கு யாரும் கேட்பதில்லை. விரல் நீளம்தான் அதன் முழு வளர்ச்சி என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

உண்மையான கணக்கு இப்படி. ஆஸ்கார் ஒரு அடி வரை, சில சமயம் அதற்கு மேலும் வளரும். சில்வர் அரோவானா மூன்றடியை நெருங்கும். வாஸ்துவுக்காக ஆபீஸ் ரிசப்ஷனில் வைக்கிற மீன் அது. ‘டேங்க் கிளீனர்’ என்று கூடவே தள்ளிவிடுகிற உறிஞ்சுவாய்க் கெளுத்தி ஒன்றரை அடி. ‘ஷார்க்’ நாலடியைத் தொடும். செந்நிற வாலும் வெள்ளைப் பட்டையுமாகக் குஞ்சில் கார்ட்டூன் மாதிரி இருக்கும் ரெட்டெயில் கெளுத்தியும் நாலடிக்குமேல் போகும், எடை ஒரு ஆள் எடை. அலிகேட்டர் கார் இரண்டு மீட்டரைத் தாண்டும். இவை எல்லாமே இரண்டடித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் விற்கப்படுகின்றன.

‘தொட்டி எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் மீன் வளரும்’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. கடைக்காரர் சொல்வார், வாங்குகிறவருக்கும் அது சௌகரியம். பாதி உண்மை என்பதால்தான் அது நிலைத்திருக்கிறது. சின்னத் தொட்டியில் மீனின் வளர்ச்சி குறைவது நிஜம். ஆனால் மீன் இடத்தைப் பார்த்து, சரி இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொள்வதில்லை. கழிவு சேர்ந்த தண்ணீர், குறைந்த ஆக்ஸிஜன், ஓயாத பதற்றம் எல்லாம் சேர்ந்து அதை வளரவிடாமல் செய்கின்றன. கூனல் முதுகு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண், சீக்கிரச் சாவு. அதைத்தான் நாம் ‘அட்ஜஸ்ட் ஆயிடுச்சு’ என்கிறோம்.

*

போன வருஷம் மே மாதம், மேல் மாடியில் இருந்த மூன்று மாணவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என் ஹாலில் ஒரு சின்னத் தொட்டியில் கப்பி வளர்க்கிறேன் என்பதால் அந்தக் கட்டடத்தில் எனக்கு ‘மீன் அண்ணா’ என்று பெயர். அவர்கள் தொட்டியை முன்பே பார்த்திருக்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அதற்குள் ஒன்பது இஞ்ச் ஆஸ்கார் ஒன்று, அதே நீளத்தில் இரண்டு ஷார்க்.

“அண்ணா, பத்தாம் தேதி ரூம் காலி பண்றோம். நீங்க எடுத்துக்கறீங்களா?”

“கடையில திருப்பிக் கேட்டீங்களா?”

“கேட்டோம்ணா. பெரிய மீன் வேணாங்கறாங்க.”

“யாரும் எடுக்கலேன்னா?”

மூவரில் ஒருவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். “ஏரியில விட்டுடலாம்னு. போன வருஷம் சீனியர்ஸ் டேங்க் கிளீனரை ஏரியிலதான் விட்டாங்க. அது நல்லாத்தான் இருக்கும்ணா.”

நல்லாத்தான் இருக்கும். சிக்கலே அதுதான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த உறிஞ்சுவாய்க் கெளுத்திக்குத் தோல் கவசம் மாதிரி. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். ஏரிக்கரை என்பது மண்ணால் ஆன சுவர் என்பதை நினைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள். தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா என்று பல நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. வலையில் சிக்கினால் முள் வலையைக் கிழிக்கும், சந்தையில் வாங்க ஆளில்லை. மீனவர்கள் கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவின் சாலக்குடி ஆற்றில் அரபைமா பிடிபட்டது. அமேசானின் மீன், இரண்டு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. யாருடைய குளத்திலிருந்தோ வெள்ளத்தோடு வந்தது. 2023-ல் போபால் பெரிய ஏரியிலும், ஸ்ரீநகர் தால் ஏரியிலும் அலிகேட்டர் கார் கிடைத்தது. அதற்கு முந்தின வருஷம் சீனாவின் ரூசோ நகரில் இரண்டு அலிகேட்டர் காரைப் பிடிப்பதற்காக ஒரு பூங்கா ஏரியையே இறைத்துக் காலி செய்தார்கள். இவற்றில் எதுவும் தானாக நீந்திக் கடல் கடந்து வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் விரல் நீளத்தில் யாரோ காசு கொடுத்து வாங்கிய மீன்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஏரியில் விடுவது என்றால் அந்த ஏரியோடு போகிற விஷயமில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்குப் பாயும்படி வெட்டப்பட்டவை. நந்திவரம், மண்ணிவாக்கம், ஆதனூர் என்று வழிந்துபோகிற தண்ணீர் அடையாற்றில் சேருகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, எது ஏரி எது தெரு என்று யாருக்கும் தெரியவில்லை. முடிச்சூரில் வீட்டு வாசலில் மீன் பிடித்தார்கள். ஒரு மாணவன் பக்கெட்டில் கொண்டுபோய் விடுகிற மீனுக்கு அப்படியொரு நாளில் மொத்த ஊரும் தொட்டி.

“ஏரியில மட்டும் விடாதீங்க. ரெண்டு நாள் டைம் கொடுங்க, யோசிக்கிறேன்” என்றேன்.

*

யோசிப்பது என்றால் எனக்குக் கணக்குப் போடுவது. ஆபீஸிலும் அதே வேலைதான். ஒரு சர்வர் இன்று தாங்குகிற சுமையை வைத்து யாரும் திட்டமிடுவதில்லை, பண்டிகை விற்பனை நாளில் வரும் சுமைக்குத்தான் திட்டமிடுவோம். மீன் தொட்டியும் அப்படித்தான். கடையில் இருக்கும் குஞ்சு இன்றைய சுமை. தொட்டி வாங்கவேண்டியது வளர்ந்த மீனுக்கு.

மீன் வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய விதி உண்டு. ஓர் இஞ்ச் மீனுக்கு ஒரு கேலன் தண்ணீர். ஒரு கேலன் கிட்டத்தட்ட நாலு லிட்டர். கப்பி, டெட்ரா மாதிரிச் சின்ன மீன்களுக்கு அது ஏதோ ஓடும். பெரிய மீனுக்கு ஓடாது. காரணம் எட்டாம் வகுப்புக் கணிதம். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அகலமும் உயரமும் கூடவே இரண்டு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். ஓர் இஞ்ச் மீன் பத்துக்கும் பத்து இஞ்ச் மீன் ஒன்றுக்கும் அந்த விதி ஒரே தொட்டியைத்தான் சொல்லும். ஆனால் அந்த ஒற்றை மீனின் உடம்பு, பத்துச் சின்ன மீன்களின் மொத்த உடம்பைப் போல நூறு மடங்கு. தின்பதும் கழிப்பதும் அதற்கேற்ப. பெரிய உடம்பு எடைக்கு எடை பார்த்தால் கொஞ்சம் குறைவாகத்தான் தின்னும். அந்தச் சலுகையைக் கழித்தாலும் விதி தப்பவில்லை.

மீன் கழிவில் முக்கியமானது அம்மோனியா. பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியேறும், கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் பரவாயில்லை. அந்த அளவைக் காக்கத்தான் வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறோம். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் போலக் காரத்தன்மை உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் அதிகமாகும். பிஹெச் ஏழிலிருந்து எட்டானால் ஏறக்குறைய பத்து மடங்கு. சூடும் அதைக் கூட்டும். மே மாதக் காட்டாங்குளத்தூரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது உருவம். நூறு லிட்டரை ஒரு நீளக் குழாயிலும் ஊற்றலாம், தட்டையான தட்டிலும் ஊற்றலாம். மீனுக்கு இரண்டும் ஒன்றில்லை. பெரிய மீனுக்குத் தொட்டியின் உயரத்தைவிட அகலம் முக்கியம். உடம்பை வளைக்காமல் திரும்ப முடிகிற அகலம், அதாவது குறைந்தது வளர்ந்த மீனின் முழு நீளத்துக்காவது சமமான அகலம். நீச்சலுக்கு அந்த நீளத்தைப்போல நாலு மடங்காவது. ஆனால் கடைகளில் அழகாகத் தெரிவது உயரமான தொட்டிதான். சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு முன்பக்கக் கண்ணாடிதானே தெரிகிறது, அகலம் தெரியாதே.

மாணவர்களின் தொட்டி இரண்டு கன அடி. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம் என்பதால், விளிம்பு வரை ஊற்றினாலும் 57 லிட்டர். ஒன்பது இஞ்ச் மீனுக்கு ஓரடி அகலம். ஆஸ்கார் அதற்குள் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். நெரிசலான எலக்ட்ரிக் ட்ரெயினில் முதுகுப்பையோடு இறங்கப் பார்க்கிறவர் மாதிரித்தான் இருக்கும்.

ஆஸ்காருக்குக் கணக்குப் போட்டேன். ஓரடிக்கு வளர்கிற மீன், அகலம் இரண்டடி இருந்தால் தாராளம். நீளம் நாலடி. உயரம் இரண்டடி. நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு. பதினாறு கன அடி, 450 லிட்டர். ஒரே ஒரு மீனுக்கு. வாரம் முப்பது சதவீதம் தண்ணீர் மாற்றினால் 135 லிட்டர். கழிவுநீர்க் குழாய் வசதி உள்ள நகரத்தில் ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அரசின் திட்டக் கையேடு சொல்வதும் 135 லிட்டர்தான். எண் இப்படி ஒத்துப்போனபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற கட்டடம் இது. மாற்றுகிற தண்ணீரைச் செடிகளுக்கு விடலாம் என்பது மனசாட்சிக்கு ஒரு சின்னத் தள்ளுபடி. அது நல்ல உரமும்கூட.

*

ஷார்க் இரண்டுக்கும் கணக்குப் போட்டபோது வந்த விடை வேறு. அவை சுறாவே இல்லை, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் வழியாக ஓடும் மீகாங் ஆற்றின் கெளுத்தி. நாலடி மீனுக்குப் பதினாறடி நீளம், நாலடி அகலம் வேண்டும். கூட்டமாக வாழ்கிற மீன் என்பதால் ஒன்றிரண்டாக வைப்பதும் தண்டனை. நிழல் ஆடினாலே மிரண்டு கண்ணாடியில் மோதும். இவை இரண்டுக்குமே மூக்கு வெள்ளையாகப் புண்ணாகியிருந்தது.

இந்த மீன் நமக்கு அந்நியமும் இல்லை. ஹோட்டலில் ‘பாசா’ என்ற பெயரில், முள்ளில்லாத வெள்ளைத் துண்டாக வருவது பெரும்பாலும் இதுவே. மூன்று மாணவர்களில் ஒருவன் பீமாவரம் பக்கம். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாவில் இதை ஏக்கர் கணக்கில் குளம் வெட்டி வளர்க்கிறார்கள். “எங்க ஊர்ல இதுக்கு ஒரு குளமே பத்தாதுண்ணா. மொத நாளே சொன்னேன் இவங்ககிட்ட. சிரிச்சாங்க” என்றான். அவன் தமிழ் நாலு வருஷத்தில் என் தமிழைவிடச் சென்னைத் தமிழாகியிருந்தது.

எத்தனை பெரிய தொட்டி என்ற கேள்விக்குச் சில மீன்கள் விஷயத்தில் சரியான விடை, தொட்டியே இல்லை என்பதுதான். ரெட்டெயில், கார், ஷார்க் இவற்றுக்கெல்லாம் வீட்டுக்குள் வைக்கக்கூடிய தொட்டி என்று ஒன்று கிடையாது. இன்னும் கொஞ்சம் பெரிசாக வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். மூணடி, நாலடி, ஆறடி என்று ஒவ்வொரு தொட்டியும் ஆறு மாதத் தவணை.

*

ஆஸ்காரை எடுப்பது என்று முடிவு செய்தபின் வீட்டு ஓனரைப் பார்க்கப் போனேன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் இருக்கிறார். நாங்கள் இரண்டாவது மாடி.

“நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டா? எவ்வளவு வெயிட்டு வரும் தம்பி?”

தண்ணீர் 450 கிலோ. பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி 90 கிலோ. இரும்பு ஸ்டாண்ட், மணல் சேர்த்தால் 600 கிலோ. எட்டுச் சதுர அடியில் ஒன்பது பேர் நெருக்கியடித்து நிற்பது போல. அந்த ஒன்பது பேரும் வருஷக்கணக்கில் நகரவே மாட்டார்கள்.

“வீட்டு மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோன்னுதான் கணக்கு. நீங்க சொல்றது 800 வருது.” அவர் ஃபோனில் தட்டவில்லை, மனக்கணக்கு. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 875 வீடுகளுக்குச் சொல்வது அந்த 200 கிலோ சுமையைத்தான். அது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான கணக்கு. ஓரிடத்தில் அதைத் தாண்டினால் உடனே தளம் விழுந்துவிடாது, ஆனால் எந்த இடம் என்பது முக்கியமாகிவிடும். ஹாலுக்கு நடுவில் வைப்பது ஒன்று, பீமுக்கு மேல் சுவரோரமாக வைப்பது வேறு.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு மேலே வந்தார். “ஸ்லாப் போடும்போது கம்பி எண்ணினது நான்தான். இந்தச் சுவருக்கு அடியில பீம் போகுது. அதுக்குக் கீழ மொத மாடியிலயும் இதே இடத்துல சுவர். இங்க வைங்க. ஒட்டினாப்பல வைங்க. ஜன்னல் பக்கம் வேணாம்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “அட்வான்ஸ்ல பிடிக்க மாட்டேன். ஆனா ஒடைஞ்சா கீழ்வீட்டு சீலிங் பெயிண்ட் உங்க செலவு.”

உடைவதும் கணக்குதான். கண்ணாடி மேல் தண்ணீர் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மாணவர்களின் இரண்டடித் தொட்டியில் முன்கண்ணாடியைத் தண்ணீர் தள்ளுவது 28 கிலோ எடைக்குச் சமம். இந்தத் தொட்டியில் 225 கிலோ. நீளம் இரண்டு மடங்கு, உயரம் இரண்டு மடங்கு, விசை எட்டு மடங்கு. ஸ்டாண்டு சமமட்டமாக இல்லையென்றால் அந்த விசை ஒரு மூலையில் போய் உட்காரும். தொட்டிக்காரர் மட்டக்கோல் வைத்துப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றவிட மாட்டேன் என்றது அதனால்தான்.

பெரிய தொட்டியில் இன்னொரு லாபம், அவகாசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது புறநகரில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃபில்டரும் ஏர் பம்ப்பும் நின்றால் தொட்டியில் இருக்கிற ஆக்ஸிஜன்தான் மிச்சம். இருபது டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒன்பது மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். நம்மூர் முப்பது டிகிரியில் ஏழரைதான். ஒரே மீன் 57 லிட்டரில் இருப்பதற்கும் 450 லிட்டரில் இருப்பதற்கும் எட்டு மடங்கு வித்தியாசம். மேற்பரப்பும் கூடுதலாக இருப்பதால் காற்றிலிருந்து வருவதும் கூடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் புயலில் ராத்திரி முழுக்கச் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றித் தன் மீன்களைக் காப்பாற்றினார்.

*

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைப்பதற்கு ஒன்றும் பெரிய பழமை கிடையாது. லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகம் 1853-ல் திறந்தார்கள். அடுத்த வருஷம் வந்த பிலிப் ஹென்றி காஸின் புத்தகம் அக்வேரியம் என்ற சொல்லையும் அந்த மோகத்தையும் பரப்பியது. மெட்ராஸில் 1909-லேயே மெரினாவில் ஒரு மீன் காட்சியகம் இருந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடினார்கள். அங்கெல்லாம் தொட்டியின் அளவு பார்க்கிறவர்களுக்காகத் தீர்மானமானது. எவ்வளவு பெரிய கண்ணாடி கிடைக்கும், கூட்டம் எங்கே நிற்கும். வீட்டுக்கு வந்தபோது அளவைத் தீர்மானித்தது டிவிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடம்.

மீனின் பக்கத்திலிருந்து அளவைப் பார்க்கும் முயற்சிகள் மிகச் சமீபத்தியவை. ரோம் நகரம் 2005-ல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. இந்தியாவிலும் 2017 மே மாதம் வண்ணமீன் கடைகளுக்கான விதிகள் வந்தன, கிண்ணத்துக்குத் தடையும் அதில் இருந்தது. மீன் வியாபாரிகள் பிழைப்பு போய்விடும் என்று கொதித்தார்கள், விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கொளத்தூரில் அந்தத் தொழிலை நம்பி இருப்பவர்களை நினைத்தால் அவர்களின் கோபம் புரிகிறது. எனக்கு வேண்டியது அவ்வளவு பெரிய சட்டமெல்லாம் இல்லை. மருந்து அட்டையில் காலாவதித் தேதி மாதிரி, கடைத் தொட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர். வளர்ந்தால் இத்தனை அடி, இத்தனை வருஷம்.

*

ஷார்க் இரண்டுக்கும் எட்டு நாள் இடம் தேடினோம். ஒரு கடைக்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். விற்பீர்களா என்று கேட்டேன், வேறு எதுக்கு எடுக்கறேன் என்றார், நியாயமான பதில். இன்னொரு இரண்டடித் தொட்டிக்குப் போகும். கோயில் குளம் என்றார்கள், கிணறு என்றார்கள். பண்ணைக்குட்டை வைத்திருந்த ஒருவர் சம்மதித்தார். மழையில் குட்டை வழிந்தால் எங்கே போகும் என்று கேட்டேன். ஓடைக்கு என்றார். பீமாவரத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று அந்தப் பையனிடம் கேட்டேன். பத்துமணி நேர ரயில், பாலிதீன் பையில், மிரளுகிற மீன். அவன் தலையை ஆட்டினான்.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் கூடுவாஞ்சேரி நாட்டு மருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் வாங்கினேன். மீன்களை மயக்க ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துவது. அளவு கூடினால் மயக்கத்திலேயே முடிந்துவிடும். மற்ற இரண்டு பேரும் மூட்டை கட்டுகிற வேலை இருக்கிறது என்று மேலே போய்விட்டார்கள். பீமாவரத்துப் பையன் மட்டும் இருந்தான். பக்கெட்டில் தண்ணீரோடு எண்ணெயைக் கலக்கி, மீன்களை விட்டு, ஈரத்துண்டால் மூடினோம். செவுள் அசைவு நின்றபிறகும் அரைமணி நேரம் வைத்திருக்க வேண்டும். அந்த அரைமணி நேரம் அவன் தன் ஊர்க் குளங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். தீவனம் போடும்போது தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும் என்றான். லட்சக்கணக்கில் ஐஸில் போட்டு லாரியில் ஏற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். “அதெல்லாம் பாத்து ஒண்ணும் தோணினது இல்லண்ணா. இதுங்களுக்குப் பேர் வெச்சிருந்தோம், அதான்” என்றான்.

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். இதைக் கொடுமை என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். என் மனைவியே இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. இருந்த வழிகளில் அந்த மீன்களுக்கும் ஏரிக்கும் குறைந்த வலி தருவது அதுதான் என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவு ஒன்பதாம் தேதி எடுக்கப்பட்டதல்ல. ஜோடி நூறு ரூபாய் என்று ஒரு பிளாஸ்டிக் பை கை மாறிய அன்றே பாதி எடுக்கப்பட்டுவிட்டது. மிச்சப் பாதி என் பங்குக்கு வந்தது.

ஆஸ்கார் நாலடித் தொட்டியில் நன்றாக இருக்கிறது. முதல் மாதமே அடியில் வைத்த பூச்சட்டியை உருட்டித் தனக்குப் பிடித்த மூலைக்குக் கொண்டுபோய்விட்டது. நான் வேலை முடிந்து லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டால் கண்ணாடிக்கு வரும். இப்போது பதினோரு இஞ்ச். மூன்று வயது இருக்கலாம், இன்னும் ஏழெட்டு வருஷம் பாக்கி.

என் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம். மகள் பள்ளிக்காக மறைமலை நகர் பக்கம் போகலாமா என்று பேச்சு நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புரோக்கர் ஃபோன் செய்தார். தரைத்தளம்தான் வேண்டும், ஹால் சுவர் ஒன்று நாலடிக்குக் குறையாமல் ஜன்னல் இல்லாமல் இருக்க வேண்டும், தண்ணீர் வசதி நன்றாக இருக்க வேண்டும் என்றேன்.

“கிரவுண்ட் ஃப்ளோர் கேக்கறீங்களே, வீட்ல வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?”

“இப்ப இல்ல. ஆவாங்க” என்றேன்.